தண்ணீர் இல்லாத தீவுக்குச் சைக்கிளில்

கம்போடியாவின் பழைய தலைநகரான அங்கோரில், கிழக்கு மெபோன் கோயிலின் மூலைகளில் கல்யானைகள் நிற்கின்றன. தும்பிக்கை உடைந்தவை சில, காது தேய்ந்தவை சில. எல்லாமே கோயிலுக்கு முதுகைக் காட்டி, வெளியே எதையோ பார்த்தபடி நிற்கின்றன. அக்கா ஒரு யானையின் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே அது பார்க்கும் திசையைப் பார்த்தாள். மரங்கள், அவற்றுக்கு அப்பால் நெல்வயல். பிறகு கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "படித்துறை மாதிரி கட்டியிருக்காங்களே, தண்ணியையே காணோமே?" என்றாள்.

அது படித்துறையேதான். படகு வந்து அணையும் துறை. கெமர் மன்னன் ராஜேந்திரவர்மன் 953இல் இந்தக் கோயிலை எழுப்பியபோது இது ஓர் ஏரியின் நட்டநடுவே இருந்த தீவு. கிழக்குப் பாராய் என்று பெயர். ஏழரை கிலோமீட்டர் நீளம், 1.8 கிலோமீட்டர் அகலம். அவனுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே யசோவர்மன் எடுப்பித்த ஏரி அது. இன்று அதில் பெயருக்குக்கூடத் தண்ணீர் இல்லை. வயலும் வீடுகளும் சாலையும்தான் இருக்கின்றன. அந்தச் சாலையில்தான் நாங்கள் சைக்கிள் மிதித்து வந்திருந்தோம்.

ப்ரே ரூப் கோயிலிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் சாலை லேசாக மேலேறி இறங்கியிருந்தது. கம்போடியாவின் இந்தப் பகுதி தாம்பாளம் போலத் தட்டையானது. இரண்டு நாளாக மேடே காணாத கால்களுக்கு அந்தச் சிறு ஏற்றமும் உறைத்தது. "இங்க ஒரு மேடு இருக்குடா" என்று அக்கா அப்போதே சொன்னாள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படித்துறையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. "அக்கா, நீ மேடுன்னு சொன்னியே, அதுதான் ஏரிக்கரை. நாம ஏரிக்குள்ள இறங்கி வந்திருக்கோம்" என்றேன். அவள் எழுந்து நின்று வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பாராய் என்பது பள்ளம் தோண்டிய ஏரி அல்ல. சமதரையில் நான்கு புறமும் மண்ணைக் குவித்துக் கரை எழுப்பி, வடக்கே குலன் மலையிலிருந்து வரும் ஆற்று நீரைத் திருப்பி உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். தரைக்கு மேலே நிற்கும் தண்ணீரை வெட்டிவிட்டால் தானே வயலுக்கு ஓடும். இதை நான் முன்பே படித்திருந்தேன். ஆனாலும் என் தொடையில் ஏறிய பிறகுதான் அது எனக்குத் தெரிந்த விஷயமாக ஆனது.

சில வருடங்களுக்கு முன் இதே அங்கோருக்கு ஏசி வண்டியில் வந்திருக்கிறேன். ஒரே நாளில் ஏழு கோயில்கள். கிழக்கு மெபோனும் அவற்றில் ஒன்று. இறங்கினேன், படம் எடுத்தேன், ஏறினேன். யானைகள் நினைவிருந்தன. தீவு நினைவில் இல்லை, ஏனென்றால் நான் அதைப் பார்க்கவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடிய மரங்களை இரண்டு கோயில்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம் என்றே எண்ணியிருந்தேன். அங்கோரில் அந்த வெற்றிடம்தான் ஊர். அரண்மனையும் வீடுகளும் மரத்தாலானவை, மக்கிப் போயின. கடவுளருக்கு மட்டுமே கல். அந்தக் கல்லை மட்டும் பார்த்துத் திரும்புவது, ஓர் ஊருக்குப் போய் பூஜை அறைகளை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வருவது போல.

அங்கோரைச் சைக்கிளில் பார்க்க நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை விவரம் சொல்லிவிடுகிறேன். தங்க வேண்டிய ஊர் சியம் ரீப். அங்கிருந்து அங்கோர் வாட் ஆறேழு கிலோமீட்டர்தான். சைக்கிள் ஊரிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கூடை வைத்த சாதாரண வண்டி கோயில் சுற்றுக்குப் போதும். மண்பாதைக்கும் தொலைவுக்கும் கியர் வைத்த மலைச்சைக்கிளே நல்லது. வாங்குவதற்கு முன் சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றிப் பாருங்கள், பிரேக்கை அழுத்திப் பாருங்கள், டியூபும் பம்பும் கேட்டு வாங்குங்கள். இந்த மூன்றையும் செய்யத் தவறினால் மூன்றாம் நாள் தெரியும்.

நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் பிரித்துப் பயன்படுத்தலாம். சைக்கிள்காரர்களுக்கு இது பெரிய வரம். ஒரு நாள் மிதித்து, ஒரு நாள் காலை நீட்டிப் படுத்து, மறுபடி போகலாம். அங்கே சாலையின் வலப்பக்கம்தான் போக வேண்டும். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு நேர் சாலையில் சிக்கல் வராது, திருப்பங்களில்தான் கை பழைய பக்கத்துக்கே இழுக்கும். முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது, வலது" என்று அக்கா உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பெரும்பாலானோர் போகும் இரண்டு சுற்றுகள் உண்டு. சிறிய சுற்று 17 கிலோமீட்டர், பெரிய சுற்று 26. ஊரிலிருந்து போய்வரும் தொலைவையும் கூட்டிக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்த்தால் எளிது. ஆனால் இங்கே மலை ஏற்றத்தின் வேலையை வெயில் செய்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை தாங்கலாம். மார்ச், ஏப்ரலில் எனக்கு வேண்டியவர்கள் யாரையும் நான் அனுப்ப மாட்டேன். எந்த மாதமானாலும் விடியுமுன் கிளம்புவது, பதினோரு மணிக்கு நிழலுக்குப் போவது, மூன்றரைக்கு மேல் மறுபடி மிதிப்பது என்ற கணக்கு உங்களைக் காப்பாற்றும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது கோயில் விதி. சைக்கிள் அரைக்காற்சட்டையோடு வருபவர்கள் வாசலில் நின்றுவிடுவார்கள். நாங்கள் ஆளுக்கொரு க்ரமா வாங்கிக்கொண்டோம். கட்டம் போட்ட பருத்தித் துண்டு அது. கம்போடியர்கள் அதைத் தலையில் கட்டுவார்கள், இடுப்பில் சுற்றுவார்கள், குழந்தைக்குத் தூளி கட்டுவார்கள். எங்களுக்கு வியர்வை துடைக்கவும் கோயிலுக்குள் இடுப்பில் சுற்றவும் உதவியது.

முதல் நாள் விடியலில் அங்கோர் வாட்டின் முன்குளத்தருகே கூடும் கூட்டத்தோடு நாங்கள் சேரவில்லை. அகழியைச் சுற்றினோம். 190 மீட்டர் அகலமான அகழி, ஐந்து கிலோமீட்டருக்கும் மேலான சுற்றளவு. நின்று நின்று மிதித்ததில் ஒரு மணி நேரம் ஆனது. சூரியன் எழும்ப எழும்ப ஐந்து கோபுரங்களும் ஒன்றன்பின் ஒன்று ஒளிந்து, சேர்ந்து, பிரிந்து வந்தன. முன்வாசலில் நின்று எடுத்த படத்தில் எப்போதும் மூன்றாகத் தெரியும் கோபுரங்கள் மூலையில் வந்ததும் ஐந்தாக விரியும். இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கட்டிய இந்த விஷ்ணு கோயிலின் கனத்தை மணலடித்தளம்தான் தாங்குகிறது. அகழியின் நீர் அந்த மணலை ஈரமாக வைத்திருப்பதால்தான் அது அசையாமல் நிற்கிறது என்கிறார்கள் பொறியாளர்கள். அழகுக்காக வெட்டியது என்று நான் நினைத்திருந்த அகழி, அடித்தளத்தின் உயிராம்.

உள்ளே புடைப்புச் சிற்பங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். 49 மீட்டர் நீளப் பாற்கடல் கடைதல், குருக்ஷேத்திரம், அம்புப் படுக்கையில் பீஷ்மர். ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாற்கடலைச் சுவரில் பார்த்துவிட்டு வெளியே வந்து, ஒன்றரை கிலோமீட்டர் வடக்கே மிதித்தால் அங்கோர் தோம் என்ற மதில்சூழ்ந்த நகரின் தெற்கு வாசல். அகழிமேல் பாலம். பாலத்தின் இடப்பக்கம் 54 தேவர்கள், வலப்பக்கம் 54 அசுரர்கள், இரு வரிசையும் நாகத்தின் உடலைப் பிடித்து இழுக்கிறார்கள். சுவரில் பார்த்த அதே கதைக்குள் இப்போது நீங்களே சைக்கிளோடு புகுந்து போகிறீர்கள். அகழி பாற்கடல். எதிரே 23 மீட்டர் உயரத்தில் நான்கு முக வாசல். அக்கா வண்டியிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தாள். "மிதிச்சுக்கிட்டுப் போக மனசு வரல" என்றாள்.

வாசலைக் கடந்ததும் எல்லா வண்டிகளும் நேரே நகர் நடுவிலுள்ள பாயோன் கோயிலுக்குப் போகும். வாசலின் உட்புறம் மண்சரிவில் ஒரு சிறு பாதை மேலேறுகிறது. அதில் சைக்கிளைத் தள்ளி ஏற்றினால் கோட்டைமதிலின் மேலேயே போகலாம். எட்டு மீட்டர் உயரச் செம்புரைக்கல் மதில், பக்கத்துக்கு மூன்று கிலோமீட்டர். ஒருபுறம் அகழியின் பச்சைத் தண்ணீர், மறுபுறம் காடு, நடுவில் வேர்கள் ஓடும் ஒற்றையடிப் பாதை. ஆள் அரவமே இல்லை. தென்கிழக்கு மூலையில் பிரசாத் சுருங் என்ற சிறு கோயில் தனியே நிற்கிறது. அங்கே உட்கார்ந்துதான் காலைச் சாப்பாட்டை முடித்தோம். தொலைவில் பாயோனை நோக்கிப் போகும் வண்டிகளின் சத்தம் மட்டும் லேசாகக் கேட்டது. அங்கோரில் எனக்கு மிகப் பிடித்த இடம் எது என்று கேட்டால், அந்த மூலையைத்தான் சொல்வேன்.

அங்கோர் தோமிலிருந்து வெற்றி வாசல் வழியாகக் கிழக்கே வெளியேறினால் தொம்மனோன் கோயிலைத் தாண்டியதும் ஒரு பழைய கற்பாலம். ஸ்பியன் த்மா, அதாவது கல்பாலம் என்பதே அதன் பெயர். நெருக்கமாக நிற்கும் கனத்த தூண்கள், நடுவே குறுகலான கண்கள். கற்களை உற்றுப் பார்த்தால் சிலவற்றில் சிற்பவேலை தெரியும். இடிந்த கோயில்களிலிருந்து எடுத்துக் கட்டியது அது. பாலம் தரையில் நிற்கிறது. ஆறு பக்கத்தில், மிக ஆழத்தில் ஓடுகிறது. பாலத்துக்குக் கீழே ஓடிய ஆறு, குறுகலான கண்களில் அடைபட்டு, பக்கவாட்டில் கரையை அறுத்துக்கொண்டு தனிவழி கண்டுவிட்டது. நூற்றாண்டுகளில் படுகையையும் பல மீட்டர் கீழே அரித்துவிட்டது. அங்கோருக்கு என்ன ஆனது என்று கேட்பவர்களை நான் இந்தப் பாலத்தடியில்தான் கொண்டுபோய் நிறுத்துவேன். பேருந்து இதைக் கடக்க ஐந்து விநாடி ஆகும்.

அங்கோர் 1431இல் சயாம் படையெடுப்பில் விழுந்தது என்றுதான் பழைய பாடம். படை வந்தது உண்மை. ஆனால் தெற்கு வியட்நாம் மலைகளின் முதுமரங்களில் வளையங்களை எண்ணியவர்கள் 14ஆம் நூற்றாண்டிலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பல பத்தாண்டுகள் நீண்ட வறட்சிகளையும், இடையிடையே மூர்க்கமான மழைக்காலங்களையும் கண்டிருக்கிறார்கள். வறட்சிக்கு ஏற்பக் கால்வாயைச் சுருக்கினால் அடுத்த பெருமழை அதை உடைக்கும். ஒரு மதகு போனால் அதன் கீழுள்ள பத்தும் போகும். ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரந்த நகரத்தின் நீர்வலை அப்படித்தான் அறுந்திருக்க வேண்டும். ஸ்பியன் த்மாவின் வறண்ட கண்களுக்கு முன் நின்றால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அங்கிருந்து தா கியோ கோயில், அதன் எதிரில் மருத்துவமனைக் கோயிலின் இடிபாடு, பிறகு தா புரோம். 1181இல் பட்டத்துக்கு வந்த ஏழாம் ஜெயவர்மன் 102 மருத்துவமனைகள் நடத்தினான் என்று தா புரோம் கல்வெட்டு சொல்கிறது. 1186இல் தன் தாய்க்காக எடுப்பித்த இந்தக் கோயிலுக்குள் 12,640 பேர் குடியிருந்தார்கள் என்றும், 3,140 ஊர்களிலிருந்து கிட்டத்தட்ட 80,000 பேர் இதற்கு ஊழியம் செய்தார்கள் என்றும் அதே கல்வெட்டு கணக்குக் கொடுக்கிறது. மரத்தின் வேர் கோபுரத்தைக் கவ்விப் பிடித்திருக்கும் இடத்தில் வரிசையில் நின்று படம் எடுப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன், நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் அந்த 3,140 ஊர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு வெளிமதிலை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

இதே அரசன் சாலைகளில் 121 தங்குமனைகள் கட்டினான் என்று ப்ரேயா கான் கோயிலின் 1191ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. 'நெருப்புள்ள வீடுகள்' என்று அவற்றுக்குப் பெயர். வழிப்போக்கனுக்கு நிழலும் நெருப்பும் இரவுத் தங்கலும். இன்றைய வியட்நாம் பகுதியில் இருந்த சம்பா நாட்டை நோக்கி 57, இன்றைய தாய்லாந்திலுள்ள பீமாயை நோக்கி 17 என்று வழிவாரியாக எண்ணிக்கை. 1296இல் வந்து ஓராண்டு தங்கிய ஜோ தாகுவான் என்ற சீனரும் நெடுஞ்சாலைகளில் தங்குமிடங்கள் இருந்ததை எழுதி வைத்திருக்கிறார். ப்ரேயா கானின் கிழக்கு வழியிலேயே அப்படி ஒரு மனை இன்னும் நிற்கிறது, தடித்த சுவரும் சிறு சன்னல்களுமாக. இரண்டாம் நாள் காலை அதன் சுவரில் சைக்கிளைச் சாய்க்காமல் (சாய்க்கவே கூடாது, அது பழங்கல்) பக்கத்து மரத்தில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தோம். எண்ணூறு வருடத்துக்கு முன் கால்கடுக்க நடந்து வந்த யாரோ ஒருவன் இங்கே நெருப்பைப் பார்த்திருப்பான். அன்றுதான் பெரிய சுற்று. அன்று மத்தியானத்துக்கு முன்தான் அக்கா படித்துறையைக் கண்டுபிடித்தாள்.

மூன்றாம் நாள் பந்தேய் ஸ்ரே. ஊரிலிருந்து 37 கிலோமீட்டர். பலரும் டுக்டுக்கில் போவார்கள். உடம்பு ஒத்துழைத்தால் மிதித்தே போங்கள், குறைந்தது போகும் வழியையாவது. ப்ரே டாக் கிராமத்துக்குள் நுழைந்ததுமே எங்களுக்கு வாசனை தெரிந்துவிட்டது. பதநீர் காய்ச்சும் வாசனை. கம்போடியாவின் தேசிய மரம் பனை. வயல் வரப்பெல்லாம் பனை, கள்ளேணி போலக் கட்டிய மூங்கில், மூங்கில் குழாய்களில் இறங்கும் பதநீர். சாலையோரம் பெரிய வாணலியில் ஓர் அம்மா துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தார். வயதில் மூத்த பெண்களை அங்கே 'மிங்' என்று அழைப்பார்கள், சித்தி, அத்தை போல. "மிங்" என்று கூப்பிட்டு, பனையைக் காட்டி, எங்களைக் காட்டி, "எங்க ஊர்லயும் உண்டு" என்று சைகையில் சொன்னோம். அவர் ஓலையில் ஒரு துண்டு வெல்லம் வைத்துக் கொடுத்தார். மொழி கடந்து வேறெதுவும் பேச முடியவில்லை. அக்காவின் கண் கலங்கிவிட்டது.

கோயிலுக்கு ஆறேழு கிலோமீட்டர் முன்பாகக் கண்ணிவெடி அருங்காட்சியகம் வருகிறது. அதைக் கடந்து போய்விடாதீர்கள். 1970களில் தொடங்கிய போரும் கெமர் ரூஜ் ஆட்சியும் அதன் பிந்தைய சண்டைகளும் மண்ணுக்குள் விட்டுப்போனவை அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. முக்கியக் கோயில் பகுதிகளில் வெடிகளை அகற்றிவிட்டார்கள். ஆனால் தொலைதூரக் காட்டுப்பகுதியில் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பதைச் சைக்கிள்காரர்கள் கட்டளையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கோயில் வழிகளில் வெடியில் கால் இழந்தவர்கள் அமர்ந்து பாரம்பரிய இசை வாசிக்கிறார்கள். நாங்கள் நின்று முழுப்பாட்டும் கேட்டோம்.

பந்தேய் ஸ்ரே 967இல் எழுந்தது. கட்டியவர் அரசர் அல்ல, யக்ஞவராகர் என்ற அரசவை அறிஞர். எல்லாம் சிறியது. நடுக்கோபுரமே பத்து மீட்டர்தான். இளஞ்சிவப்பு மணற்கல்லில், மரத்தில் இழைத்தது போன்ற ஆழமான செதுக்கல். கயிலையை இருபது கைகளால் அசைக்கும் ராவணன், கண் திறக்கும் சிவன்முன் காமன், கம்சனை வீழ்த்தும் கண்ணன். கிழக்கு வாசலின் முகப்பில் பத்துக் கைகளோடு சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் ஓரமாக, முலை வற்றி, விலா எலும்பு தெரிய ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார். ஆய்வாளர்கள் அப்படித்தான் அடையாளம் காண்கிறார்கள். ஆடும்போது அடியின்கீழ் இருக்க வரம் கேட்டவர், காலால் மிதிக்கக் கூசித் தலையால் நடந்து கயிலை ஏறியவர், ஆயிரம் வருடத்துக்கு முன்பே கடல்கடந்து இங்கே வந்து அமர்ந்திருக்கிறார். வெயிலில் 37 கிலோமீட்டர் மிதித்து வந்த பெருமை என்னிடம் கொஞ்சம் இருந்தது. அது அங்கேயே இறங்கிவிட்டது.

திரும்பும் வழியில் என் பின்சக்கரம் பஞ்சர். நேரம் பன்னிரண்டு. வாடகைக் கடையில் டியூப் கேட்டு வாங்க மறந்திருந்தேன். இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தபின் சாலையோரம் ஒரு காற்றடிக்கும் இயந்திரமும் தண்ணீர்த் தொட்டியும் கண்ணில் பட்டன. அந்தப் பெரியவர் டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழியைக் கண்டு, உரசி, ஒட்டி, டயருக்குள் விரலை விட்டு முள்ளையும் தேடி எடுத்துக் காட்டினார். அதற்குள் நாங்கள் தூளியில் படுத்துக் கரும்புச்சாறு குடித்து முடித்திருந்தோம். வெயில் தணியும்வரை அங்கேயே இருக்கும்படி அவர் கைகாட்டினார். இருந்தோம்.

ஒரு நாள் ஓய்வுக்குப்பின், கடைசி நாள் மேற்குப் பாராய்க்குப் போனோம். எட்டு கிலோமீட்டர் நீளம், இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் அகலம். 11ஆம் நூற்றாண்டில் முதலாம் சூரியவர்மன் காலத்தில் தொடங்கியதாகக் கருதப்படுவது. கரந்தைச் செப்பேடு சொல்லும், ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பிய காம்போஜ மன்னன் இவனாகத்தான் இருக்க வேண்டும். ராஜேந்திரனும் அதே காலத்தில்தான் தன் தலைநகருக்குச் சோழகங்கம் என்ற பேரேரியை வெட்டினான். கடலின் இரு கரைகளில், ஒருவரையொருவர் அறிந்த இரண்டு அரசர்கள், ஒரே தலைமுறையில் ஏரி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இந்த ஏரியில் தண்ணீர் இருக்கிறது. கரையேறியதும் காற்று முகத்தில் அடித்தது. சியம் ரீப் குடும்பங்கள் தூளி கட்டிப் படுத்திருந்தன, பிள்ளைகள் டியூபில் மிதந்தார்கள். நடுவே மேற்கு மெபோன் தீவு ஒரு கோடாகத் தெரிந்தது. 1936இல் அங்கேதான் பள்ளிகொண்ட விஷ்ணுவின் வெண்கலச் சிலையைத் தோண்டி எடுத்தார்கள். தலையும் தோளும் இரண்டு கைகளும் மட்டும் கிடைத்தன. முழு உருவம் ஆறு மீட்டர் நீளம் இருந்திருக்க வேண்டுமாம். ஏரியின் நடுவே, நீரின் மேல், பாம்பணையில் கிடந்த பெருமாள்.

"இந்தத் தீவுக்குப் படகு உண்டா?" என்றாள் அக்கா. உண்டு என்றேன். மரத்தில் இரண்டு சைக்கிளையும் சேர்த்துப் பூட்டினோம். தீவில் சீரமைப்பு வேலை நடக்கிறது, அருகில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான் என்று படகுக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பரவாயில்லை என்று ஏறிக்கொண்டோம். மோட்டார் கிளம்பியதும் அக்கா முன்பக்கம் போய் உட்கார்ந்து, கையைப் பக்கவாட்டில் நீட்டித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே வந்தாள்.